எக்லோகைட் பாறையும் கலிடோனிய மலைத்தொடரின் வரலாறும்

எக்லோகைட் என்பது புவியின் ஆழத்தில், மிக உயர்ந்த அழுத்தத்தில் உருவாகும் ஓர் உருமாறிய பாறை. சிவப்புக் கார்னெட் மணிகளும் பச்சை நிற ஆம்ஃபசைட் கனிமமும் சேர்ந்தது. நார்வே நாட்டின் மேற்குக் கடலோரத்தில், நைஸ் என்னும் வரிப்பாறைக்கு நடுவே இது துண்டு துண்டாகக் காணப்படுகிறது. இத்துண்டுகள் அங்கே எப்படி வந்தன என்ற கேள்வி நிலவியலாளர்களை 60 ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு அணிகளாகப் பிரித்து வைத்திருந்தது. அந்த வாதம் முடிவுக்கு வந்தபோது, ஒரு கண்டத்தின் ஓரம் 100 கி.மீ. ஆழம்வரை அமிழ்ந்து பிறகு மீண்டும் மேலே வந்திருக்கிறது என்பதை ஏற்க வேண்டியதாயிற்று. அதுவரை, கண்டங்கள் எடை குறைந்தவை, அவை அவ்வளவு ஆழம் அமிழ மாட்டா என்றே கருதப்பட்டு வந்தது.

அழுத்தம் என்றால் எவ்வளவு?

பள்ளியில் மூவகைப் பாறைகளைக் கற்பிக்கும்போது, உருமாறிய பாறைக்குச் சுண்ணாம்புக்கல் பளிங்காவதையும் களிப்பாறை பலகைக்கல் ஆவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். "வெப்பத்தாலும் அழுத்தத்தாலும்" என்று ஒரே மூச்சில் சொல்வதால், இரண்டும் எப்போதும் சேர்ந்தே கூடும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் இவ்விரண்டின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். பாறையின் வரலாற்றைச் சொல்வதும் அந்த விகிதம்தான்.

ஆழம் கூடக்கூட மேலே உள்ள பாறையின் சுமை கூடும். 35 கி.மீ. ஆழத்தில் அழுத்தம், நம் தலைமேல் உள்ள காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. 100 கி.மீ. ஆழத்தில் அது 30,000 மடங்கு. வெப்பமோ அப்படி ஒரே சீராகக் கூடுவதில்லை. சாதாரணமாகக் கண்டங்களின் மேற்பகுதியில் ஒரு கி.மீ. இறங்கினால் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். ஆனால் குளிர்ந்த புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் விரைந்து அமிழும் இடத்தில், பாறை சூடாவதற்குள் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கி.மீ.க்கு 10 டிகிரிக்கும் குறைவாகவே வெப்பம் ஏறும். பாறை கெட்டியானது, சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதனால்தான் இந்த நிலை வாய்க்கிறது. அழுத்தம் மிகுந்து வெப்பம் குறைந்த இந்த நிலையில் உருவாகும் பாறைகளையே உயர் அழுத்த உருமாறிய பாறைகள் என்கிறோம். நீல சிஸ்ட், எக்லோகைட் ஆகியவை இவ்வகையின.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு ஒப்பீடு பயன்படும். சென்னையை அடுத்த பல்லாவரம் மலையில் உள்ள சார்னோக்கைட்டும் ஆழத்தில் உருவான பாறைதான். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலந்து இதற்கு அவர் பெயரைச் சூட்டினார். சார்னோக்கைட்டின் கதை பெருவெப்பத்தின் கதை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் அடிப்பகுதியில் வெந்த பாறை அது. எக்லோகைட்டின் கதை அதற்கு வேறானது. இரண்டையும் "ஆழப் பாறை" என்று ஒரே கூடையில் போடக்கூடாது.

பெயர் வந்த வழி

எக்லோகைட் என்ற பெயரை 1822இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜுஸ்ட் ஆயி வழங்கினார். தேர்ந்தெடுத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இது வந்தது. சாதாரணப் பாறைகளில் ஒன்றாகச் சேராத கனிமங்கள் இதில் சேர்ந்திருந்ததால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. ஆம்ஃபசைட் என்ற பெயரும் கிரேக்கம்தான், பழுக்காத திராட்சையின் பச்சை நிறத்தைக் குறிப்பது. நீல சிஸ்ட்டுக்கு நிறம் தரும் கிளாக்கோஃபேன் என்ற கனிமம், கிரேக்க நாட்டின் சிரோஸ் தீவில் கிடைத்த கல்லைக்கொண்டு 1845இல் பெயரிடப்பட்டது. இக்கற்கள் எல்லாம் அக்காலத்தில் அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை. அவை எந்த ஆழத்திலிருந்து வந்தன என்று கேட்கும் எண்ணம் அப்போது யாருக்கும் வரவில்லை.

அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டவர்களில் ஒருவர் இந்தியாவில் பணியாற்றினார். இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லூயிஸ் லீ ஃபெர்மார், 1913இல் அந்நிறுவனத்தின் வெளியீட்டில் கார்னெட்டை ஓர் அழுத்தமானியாகக் கொள்ளலாம் என்று எழுதினார். அவர் வாதம் எளிமையானது. ஒரே வேதிப்பொருள்கள் சாதாரணக் கனிமங்களாக இருக்கும்போது அதிக இடத்தை அடைக்கின்றன. கார்னெட்டாக மாறும்போது நெருங்கி அடங்குகின்றன. ஆகவே கார்னெட் மிகுந்த பாறை, இடம் நெருக்கடியான ஆழத்தில் பிறந்திருக்க வேண்டும். கன்னியாகுமரிக்குப் போகும் பிள்ளைகள் வாங்கி வரும் வண்ண மணலில் சிவப்பாக இருப்பது இந்தக் கார்னெட்தான். கையில் எடுத்துப் பார்த்தால் மற்ற மணலைவிடக் கனமாக இருப்பது தெரியும். கார்னெட் மட்டும் இருந்துவிட்டால் அது எக்லோகைட் ஆகிவிடாது. குமரி மணலின் கார்னெட் உயர் வெப்பப் பாறைகளிலிருந்து அரித்து வந்தது. ஆனாலும் ஃபெர்மாரின் அடிப்படை எண்ணம் சரியானது. கடலடியில் உள்ள பசால்ட், கேப்ரோ பாறைகளின் அடர்த்தி ஏறத்தாழ 3.0. அதே பொருள்கள் எக்லோகைட்டாக மாறினால் அடர்த்தி 3.4க்கும் மேல் போகிறது.

எஸ்கோலாவின் வகைப்பாடு

பின்லாந்துக்காரரான பென்ட்டி எஸ்கோலா, இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியாவில் தங்கி ஆய்வு செய்தபோது, 1920இல் உருமாறிய பாறைகளை வகைப்படுத்தும் புதுமுறையை வெளியிட்டார். அதுவரை பாறைகளை அவற்றின் தோற்றத்தையும் கனிமங்களையும் வைத்துப் பெயரிட்டு வந்தனர். எஸ்கோலா, ஒரு பாறையின் கனிமக் கூட்டம் அது வெந்த வெப்பத்தையும் பட்ட அழுத்தத்தையும் காட்டும் என்றார். ஒரே மாவுதான். இட்லிக் கொப்பரையில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை. தின்பவருக்கு மாவைப் பார்க்காமலே எதில் வெந்தது என்று தெரியும். அதுபோல, பசால்ட் என்ற ஒரே சேர்க்கை ஓரிடத்தில் பச்சை சிஸ்ட்டாகவும், வேறோரிடத்தில் ஆம்ஃபிபொலைட்டாகவும், இன்னோரிடத்தில் எக்லோகைட்டாகவும் ஆகிறது. அவர் முதலில் வகுத்த ஐந்து நிலைகளில் எக்லோகைட் நிலையே மிக உயர்ந்த அழுத்தத்துக்குரியது.

அடுத்த ஆண்டு, 1921இல், நார்வே எக்லோகைட்டுகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதிலிருந்தே ஒரு சிக்கலும் தொடங்கியது. எக்லோகைட் உயர் அழுத்தப் பாறை என்றால், அதைச் சுற்றியுள்ள நைஸ் பாறை ஏன் அப்படி இல்லை? நைஸில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நடுத்தர ஆழத்தில் உருவாகும் சாதாரணக் கனிமங்கள். பலாச்சுளைக்குள் மாங்கொட்டை இருப்பதுபோல, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு பாறைகள் ஒன்றுக்குள் ஒன்று இருந்தன.

அயலானா, உள்ளூரானா?

இதற்கு இரண்டு விடைகள் எழுந்தன. எக்லோகைட் துண்டுகள் புவியின் கவசப் பகுதியில் உருவாகி, பிறகு மலை உருவாகும் அலைக்கழிப்பில் நைஸுக்குள் செருகப்பட்டவை என்பது ஒன்று. இதன்படி அவை அயல் பாறைகள். நைஸ் எங்கும் போகவில்லை. மற்ற அணியினர், எக்லோகைட் நைஸோடு சேர்ந்து அதே இடத்திலேயே உருமாறியது என்றனர். இவர்களிலும் சிலர் அவ்வளவு பெரிய ஆழத்தை ஏற்கத் தயங்கினர். நீர் இல்லாத உலர்ந்த நிலையில் குறைந்த அழுத்தத்திலேயே எக்லோகைட் உருவாகலாம் என்று 1970 வாக்கில் வாதிட்டனர்.

இது வெறும் கல் பற்றிய சண்டை அல்ல. முதல் அணி சரியென்றால் கண்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் அணி சரியென்று வைத்து, எக்லோகைட்டின் அழுத்தக் கணக்கையும் ஏற்றால், மேற்கு நார்வே முழுவதும் ஒரு காலத்தில் ஆழத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

இதற்கிடையே நிலவியலே மாறிக்கொண்டிருந்தது. 1966இல் கனடாவின் டூசோ வில்சன், இன்றைய அட்லாண்டிக் பெருங்கடலுக்கு முன்பே அங்கே ஒரு கடல் இருந்து மூடிக்கொண்டதா என்ற கேள்வியை எழுப்பினார். பின்னர் அந்தப் பழைய கடலுக்கு இயாபெட்டஸ் என்று பெயர் வந்தது. கிரேக்கப் புராணத்தில் அட்லஸின் தந்தை பெயர் அது. பால்ட்டிக்கா என்ற கண்டத்தின் ஓரத்தில் நார்வேயும், லாரென்ஷியா என்ற கண்டத்தின் ஓரத்தில் கிரீன்லாந்தும் இருந்தன. நடுவில் இருந்த இயாபெட்டஸ் கடல் சுருங்கி, ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் மோதின. அந்த மோதலில் எழுந்ததே கலிடோனிய மலைத்தொடர். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு ரோமானியர் வைத்த பெயர். இன்று இதன் துண்டுகள் ஸ்காட்லாந்து, நார்வே, சுவீடன், கிழக்குக் கிரீன்லாந்து ஆகிய இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பின்னாளில் திறந்த அட்லாண்டிக் அந்த மலைத்தொடரைப் பிளந்துவிட்டது.

1977இல் எர்லிங் குரோக் மேற்கு நார்வேயின் பல இடங்களிலிருந்து எக்லோகைட்டுகளை எடுத்து, கார்னெட்டுக்கும் ஆம்ஃபசைட்டுக்கும் இடையே இரும்பும் மக்னீசியமும் பங்கிட்டுக்கொண்ட அளவைக் கணக்கிட்டார். இந்தப் பங்கீடு வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பமும் அழுத்தமும் உள்நாட்டிலிருந்து வடமேற்குக் கடற்கரையை நோக்கிப் படிப்படியாகக் கூடுவதை அவர் கண்டார். அங்கங்கே செருகப்பட்ட அயல் துண்டுகளாக இருந்தால் இப்படி ஓர் ஒழுங்கு வராது. கண்டத்தின் ஓரம் சாய்ந்து அமிழ்ந்திருந்தால்தான் வரும். ஆனால் அவர் இதைக் கலிடோனிய மலையோடு சேர்க்கவில்லை. நைஸின் வயது 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று தெரிந்திருந்ததால், மோதலும் அந்தத் தொல்பழங்காலத்தது என்றே எண்ணினார்.

வயதைத் திருத்தியவர்கள் வில்லியம் கிரிஃபினும் ஹான்னஸ் புரூக்னரும். 1980இல் அவர்கள் சமேரியம்–நியோடிமியம் முறையில் எக்லோகைட்டின் கனிமங்களை அளந்தனர். கதிரியக்கச் சமேரியம் மிக மெதுவாக நியோடிமியமாக மாறும். அதன் அரைவாழ்வுக் காலம் 10,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கார்னெட்டில் சமேரியத்தின் விகிதம் அதிகம், ஆம்ஃபசைட்டில் குறைவு. இரண்டிலும் சேர்ந்துள்ள நியோடிமியத்தின் வேறுபாட்டைக்கொண்டு அவை எப்போது உருவாயின என்று அறியலாம். கிடைத்த விடை ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகள். நைஸ் பழையது, ஆனால் எக்லோகைட்டாக மாறிய நிகழ்வு கலிடோனிய மோதலுக்குரியது. பிற்கால அளவீடுகள் இதை 41.5 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே கொண்டுவந்துள்ளன.

இவ்வளவுக்குப் பிறகும் அயல் அணியினர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது சரியாகாது. நைஸில் உயர் அழுத்தத்தின் தடயம் இல்லை என்ற அவர்களுடைய கேள்விக்கு நேரான பதில் அப்போது இல்லை.

கார்னெட்டுக்குள் இருந்த துணுக்கு

பதில் வந்த பாதை அமெரிக்காவில், உராய்வுக்கற்கள் செய்யும் நார்ட்டன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. 1953இல் அங்கே பணிபுரிந்த லோரிங் கோஸ், சாதாரண மணலின் பொருளான சிலிக்காவை ஏறத்தாழ 35,000 வளிமண்டல அழுத்தத்தில் வைத்துப் புதிய படிகம் ஒன்றைப் பெற்றார். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இதன் அடர்த்தி 2.92. அவர் பெயரால் இது கோசைட் எனப்பட்டது. 1960இல் அமெரிக்காவின் அரிசோனா விண்கல் பள்ளத்தில் இயற்கையான கோசைட் கிடைத்தது. பின்னர், மிக ஆழத்திலிருந்து வெடித்து வரும் கிம்பர்லைட் குழாய்களின் கற்களிலும் கண்டனர். மலைத்தொடர்களின் பாறையில் இதைத் தேட யாருக்கும் காரணம் இல்லை.

1984இல் ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. பிரான்சின் கிறிஸ்தியான் ஷோபன், இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸில் உள்ள டோரா மைரா பகுதியின் கார்னெட்டுகளுக்குள் கோசைட் துணுக்குகளைக் கண்டார். அங்குள்ள பைரோப் கார்னெட் சில, ஒரு சாண் அளவுக்குப் பெரியவை. டேவிட் ஸ்மித், நார்வேயின் எக்லோகைட்டில் கோசைட்டைக் கண்டார். ஸ்மித் அயல் கொள்கையை ஆதரித்து எழுதி வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

கோசைட் எப்படித் தப்பியது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். பாறை மேலே வரும்போது அழுத்தம் குறைந்து கோசைட் குவார்ட்ஸாக மாற முயலும். அப்போது அதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் வேண்டும். குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்த கண்ணாடிப் பாட்டில் தண்ணீர் உறையும்போது என்ன ஆகிறதோ அதுதான் இங்கும். ஆனால் கார்னெட் மிக உறுதியான பெட்டி. எளிதில் விரிந்துகொடுக்காததால் உள்ளே அழுத்தம் நிலைக்கிறது, மாற்றம் தடைப்படுகிறது. துணுக்கின் ஓரம் மட்டும் குவார்ட்ஸாகி, சுற்றியுள்ள கார்னெட்டில் கதிர் கதிராக விரிசல் விழுந்திருக்கும். நுண்ணோக்கியில் அந்த விரிசல் வடிவத்தைப் பார்த்தே ஷோபன் சந்தேகப்பட்டார். கார்னெட்டுக்கு வெளியே இருந்த கோசைட்டெல்லாம் மாறிப்போயிருந்தது.

டோரா மைரா கண்டுபிடிப்பின் கனம் இன்னொன்றில் இருந்தது. அந்தப் பாறை கவசத்திலிருந்து வந்தது என்று சொல்ல இடமே இல்லை. அது கண்ட மேலோட்டின் பாறை. கோசைட் உருவாக 90 முதல் 100 கி.மீ. ஆழம் வேண்டும். ஆக, கண்டப் பாறை அவ்வளவு ஆழம் போய் வந்திருக்கிறது. நார்வே வாதத்தில் மிச்சமிருந்த நைஸ் கேள்விக்கும் 1997இல் பதில் வந்தது. ஆலிஸ் வெய்ன், எக்லோகைட்டைச் சுற்றியுள்ள நைஸிலேயே கோசைட்டின் தடயங்கள் இருப்பதைக் காட்டினார். நைஸும் கூடவே போயிருக்கிறது. மேலே வரும் வழியில், நீர் புகுந்தும் நசுங்கியும் தன் உயர் அழுத்தக் கனிமங்களை இழந்துவிட்டது. உறுதியான எக்லோகைட் துண்டுகள் மட்டும் மாறாமல் தங்கின. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1995இல், அதே கடலோரத்தின் ஃபியோர்டோஃப்ட் தீவு நைஸில் நுண்ணிய வைரங்கள் கண்டறியப்பட்டிருந்தன. வைரம் நிலைக்கக் கோசைட்டைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும்.

கீழே போனது மேலே வந்த விதம்

கீழே போனதைவிட மேலே வந்ததே விளக்கக் கடினமானது. அரிப்பு மட்டும் 100 கி.மீ. பாறையைச் சீவி எடுத்தது என்றால் கணக்கு உதைக்கும். இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் மிதப்பு. முன்னே அமிழ்ந்த கடலடித் தட்டு எக்லோகைட்டாகிக் கனத்து, ஒட்டியிருந்த கண்டத்தையும் இழுத்துச் சென்றது. கண்டப் பாறையின் அடர்த்தி 2.8 அளவு, சுற்றியிருந்த கவசத்தின் அடர்த்தி 3.3. தண்ணீருக்குள் அமுக்கிய தக்கைபோல அது மேலெழத் துடித்தது. கனமான கடல் தட்டு அறுந்து விழுந்ததும் மேலே வந்துவிட்டது.

மேற்கு நார்வேயில் இதன் தழும்பைப் பார்க்கலாம். நோர்ட்ஃபியோர்டு–சோன் பிளவுப் பகுதிக்குக் கீழே, 100 கி.மீ. ஆழம் கண்ட நைஸ் கிடக்கிறது. அதற்கு மேலே, ஹோர்னெலன் போன்ற வடிநிலங்களில் டெவோனியன் கால ஆறுகள் கொட்டிய மணற்கல்லும் கூழாங்கல் பாறையும் கிடக்கின்றன. ஒன்று ஆழத்தில் வெந்து மேலேறிய காலமும், மற்றது வெயிலில் படிந்த காலமும் ஒரே டெவோனியன் காலம்தான். இடையில் இருந்த பல பத்துக் கி.மீ. பாறை பக்கவாட்டில் நழுவி மெலிந்துபோயிற்று. டோரா மைராவில் இதே பயணம் இன்னும் விரைவானது. 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் இருந்தது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஏறியிருக்கிறது. ஏறத்தாழ நம் நகம் வளரும் வேகம்.

அழுத்தத்தை ஆழமாக மாற்றும் கணக்கிலேயே ஐயம் எழுப்புவோரும் உண்டு. மோதலின் நெருக்கத்தால், மேலே உள்ள சுமையைவிட அழுத்தம் கூடியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஆழம் சற்றுக் குறையலாம். ஆனால் கோசைட்டும் வைரமும் பரந்த நிலப்பகுதி எங்கும் கிடைப்பதை அதனால் மட்டும் விளக்குவது கடினம்.

பிற மலைத்தொடர்களில்

ஒருமுறை எதைத் தேடுவது என்று தெரிந்ததும் உலகெங்கும் கிடைத்தது. சீனாவின் டாபி மலையில் 1989இல் கோசைட், கஜகஸ்தானின் கொக்செடாவ் பகுதியில் 1990இல் கார்னெட்டுக்குள் நுண் வைரங்கள். 2001இல் இமயமலையில் இரண்டு இடங்கள் சேர்ந்தன: பாகிஸ்தானின் காகான் பள்ளத்தாக்கும் லடாக்கின் ட்ஸோ மோராரி ஏரிப் பகுதியும். நாம் வாழும் இந்தியத் தட்டின் முன்முனை, ஆசியாவோடு மோதத் தொடங்கிய சில கோடி ஆண்டுகளுக்குள், அதன் அடியில் 90 கி.மீ.க்கும் கீழே போய்த் திரும்பியிருக்கிறது என்பதற்கு இவை சான்று. இமயம் இன்னும் நிற்பதால் அங்கே மோதலை யாரும் ஐயுறவில்லை. கொக்செடாவில் இன்று இருப்பது தாழ்ந்த குன்று நிலம். அங்கே 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஒரு மோதல் நடந்ததற்குக் கல்லுக்குள் இருக்கும் வைரமே நேர்ச்சாட்சி.

ஜப்பானில் அகிஹோ மியாஷிரோ 1961லேயே வேறொரு வகையில் இதை அணுகியிருந்தார். நீல சிஸ்ட் நிறைந்த சன்பகாவா வளையமும், உயர் வெப்பப் பாறைகள் நிறைந்த ரியோகே வளையமும் பக்கத்துப் பக்கத்தில் நீண்டு கிடப்பதைக் கண்டு, இவை இணையாகவே உருவாகின்றன என்றார். தட்டு அமிழும் குளிர்ந்த விளிம்பு ஒன்று, எரிமலைகள் பொங்கும் சூடான உள்பக்கம் மற்றொன்று என்று பின்னர் வந்த புவித்தட்டுக் கொள்கை அதற்குப் பொருள் தந்தது.

நீல சிஸ்ட் பற்றி இன்னும் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. புவியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் நன்கு அறியப்பட்ட நீல சிஸ்ட்டுகளில் மிகப் பழையவை 80 கோடி ஆண்டு அளவில் நின்றுவிடுகின்றன. கோசைட் பாறைகள் இன்னும் இளையவை. அதற்கு முன் புவியின் உட்புறம் அதிகச் சூடாக இருந்ததால், குளிர்ந்த தட்டு ஆழ்ந்து அமிழும் முறையே தொடங்கவில்லை என்கிறார்கள் ஒரு சாரார். தொடங்கியிருந்தது, அந்தக் காலத்துக் கடலடிப் பாறையின் சேர்க்கை வேறாக இருந்ததால் நீலக் கனிமம் உருவாகவில்லை அல்லது பின்னர் அழிந்துவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். பல்லாவரத்துச் சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகள் எந்த வகையான மலை உருவாக்கத்தில் வெந்தன என்பதும் இந்த விடையோடு சேர்ந்ததுதான்.